தாமரையும் தண்ணீரின் அளவும்

இறைவன் திருவடிக்கு உவமை கூற விழைந்த நம் அருளாளர்கள் பெரிதும் நாடிய மலர் தாமரையாகும். திருமகள் வீற்றிருப்பது செந்தாமரை. கலைமகள் அமர்ந்திருப்பது வெண்டாமரை. நான்முகன் தோன்றியது திருமாலின் உந்தித் தாமரை. பூக்களுக்கெல்லாம் அணிகலனாக விளங்குவது தாமரையே என்னும் கருத்தைத் திருநாவுக்கரசர் பெருமான் தமது நமச்சிவாயத் திருப்பதிகத்தில் மொழிந்தருளினார். ஆறு தாமரைகளில் ஆறு குழந்தைகளாய்ச் சரவணப் பொய்கையில் முருகப்பெருமான் தவழ்ந்த வரலாற்றைக் கந்தபுராணம் விரித்துரைக்கின்றது. சரவணம் என்பதற்கு நாணற்காடு என்பது பொருள். நாணலும் தாமரையும் செழித்த ஒரு நீர்நிலையே நம் தமிழ்க்கடவுளின் தொட்டில் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் குளிர்கின்றது.

ஆயினும், அம்மலர் எங்கே பிறக்கின்றது, எவ்வாறு வளர்கின்றது, எதனால் அழிகின்றது என்பனவற்றை இன்று நம்முள் அறிந்தவர் சிலரே. விழா நாள்களில் கடையில் விலை கொடுத்து வாங்கும் மொட்டாகவே நாம் அதனைக் காண்கின்றோம். சேறும் நீரும் நிறைந்த அதன் இல்லத்தைக் காண்பதில்லை.

திருவாரூரைப் பற்றி வழங்கும் பழமொழி ஒன்று உண்டு. கோயிலின் பரப்பு ஐந்து வேலி, கமலாலயத் திருக்குளத்தின் பரப்பு ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடையின் பரப்பு ஐந்து வேலி என்பது அதன் கருத்து. இறைவன் உறையும் இடத்திற்கு எத்துணை நிலம் உரியதோ அத்துணை நிலம் அவனுக்குச் சூட்டும் மலர் பூக்கின்ற நீருக்கும் உரியது என்று நம் முன்னோர் கருதினர் என்பதே இதனால் நாம் உணரத்தக்கது. மலரைப் போற்றுவோர் மலர் வாழும் நீரையும் போற்றுதல் வேண்டும். இக்கட்டுரை தாமரையின் வரலாற்றையும், அதனை நம் மலேசிய மண்ணில் வளர்க்கும் முறையையும் அந்நோக்கிலேயே எடுத்துரைக்க முற்படுகின்றது.

தாமரை வேறு, ஆம்பல் வேறு

தாமரை, அல்லி, ஆம்பல், குவளை, செங்கழுநீர் எனப் பல நீர்ப்பூக்களை நம் இலக்கியங்கள் பேசுகின்றன. இவற்றை ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். ஆம்பல், குவளை முதலியவற்றின் இலை நீர்மேல் படிந்து மிதக்கும்; இலையின் ஓரிடத்தில் ஆழமான பிளவு இருக்கும். தாமரையின் முதிர்ந்த இலையோ நீருக்கு மேல் ஓங்கி எழுந்து, குடைபோல் விரிந்து நிற்கும். அதில் பிளவு இராது. காம்பு இலையின் நடுவில் பொருந்தியிருக்கும். தாமரையின் காம்பில் சிறு முட்கள் உண்டு. தாமரைப்பூ உதிர்ந்த பின்னர், துளைகள் நிறைந்த கூம்பு வடிவான பொகுட்டு எஞ்சி நிற்கும். அத்துளைகளில் விதைகள் அமைந்திருக்கும். ஆம்பலின் காயோ நீருக்கடியில் முதிரும். இந்த வேறுபாடுகளை மனத்தில் கொண்டால் கடையிலோ குளத்திலோ இவை இரண்டும் மயங்கா.

தாமரைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களே அதன் வாழ்வைச் சொல்லும். பங்கயம் என்றால் சேற்றில் பிறந்தது. அம்புயம் என்றால் நீரில் பிறந்தது. சரோசம் என்றால் பொய்கையில் பிறந்தது. முளரி, கமலம், அரவிந்தம், புண்டரிகம், நளினம், முண்டகம் எனப் பிற பெயர்களும் உண்டு.

பண்டைத் தமிழர் போற்றிய மலர்

வயலும் வயல் சார்ந்த நிலமுமாகிய மருதத்திற்குரிய மலர்களுள் தலையாயது தாமரை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. அவற்றுள் தாமரையும் ஆம்பலும் குவளையும் இடம்பெறுகின்றன. தம்மைப் பாடிவந்த பாணர்க்கு மன்னர்கள் பொன்னால் செய்த தாமரைப்பூவைப் பரிசாக அளித்துச் சிறப்பித்தனர் என்பது சங்க நூல்களால் பெறப்படும் செய்தி. மதுரை அங்கயற்கண்ணி அம்மை திருக்கோயிலின் குளம் பொற்றாமரைக் குளம் என்றே வழங்குகின்றது. எண்ணி முடியாத பேரெண்களுக்குத் தாமரை, ஆம்பல் எனப் பெயரிட்டு வழங்கியமையைத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். குளம் நிறைந்து பூத்த மலர்களைக் கண்டு வியந்த மக்களே அளவிறந்த எண்ணுக்கு அப்பெயரைச் சூட்டியிருத்தல் கூடும்.

நீர்ப்பூக்களை வளர்ப்பது அக்காலத்தில் தொழிலாகவும் இருந்தது. பல்லவர் காலத்துச் செப்பேடுகளில், குவளை நடுவதற்கு அரசனுக்கு இறை செலுத்த வேண்டியிருந்த செய்தி காணப்படுகின்றது. கோயில் நந்தவனங்களுக்கு நிலம் அளித்த செய்திகளைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவும் தாங்கி நிற்கின்றன. பூசைக்குரிய பூவை வழியில் பறித்துக் கொள்வதோடு அமையாமல், அதற்கென நிலமும் நீரும் ஆளும் ஒதுக்கிய முறை நம்முடையது.

இவ்விடத்தில் திருவள்ளுவப் பெருந்தகையையும் நினைத்தல் தகும். ஊக்கமுடைமை என்னும் அதிகாரத்தில், நீர்ப்பூவின் தண்டு நீரின் ஆழத்தின் அளவினதாக இருக்கும் என்பதை எடுத்துக்காட்டி, மாந்தரின் உயர்வும் அவர்தம் உள்ளத்தின் அளவினதே என்று அவர் உணர்த்துகின்றார். நீர் உயர உயரத் தண்டும் நீளும் என்பது குளக்கரையில் நின்று கூர்ந்து நோக்கியவர்க்கே புலப்படும் உண்மை. இவ்வுண்மையே தாமரை வளர்ப்பின் உயிர்நாடி என்பதைப் பின்னர்க் காண்போம்.

நைல் நதிக்கரையில் வாழ்ந்து மறைந்த கதை

எகிப்து நாட்டுப் பழங்கோயில்களின் சுவர்களிலும் தூண்களிலும் செதுக்கப்பட்டுள்ள பூவைத் தாமரை என்று பலர் கூறுவர். உண்மையில் அவை நீலநிறமும் வெண்ணிறமும் உடைய ஆம்பல் இனத்துப் பூக்களே. தாமரை அந்நாட்டிற்குப் பிற்காலத்தில், பாரசீகர் ஆட்சிக் காலத்தை ஒட்டி, கிழக்கிலிருந்து கொண்டு செல்லப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்தம் கருத்து. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியரான ஹெரோடோட்டஸ், நைல் நதியில் ரோசாப்பூவை ஒத்த பூவும் குளவிக் கூட்டை ஒத்த காயும் உடைய செடி ஒன்றைக் கண்டு எழுதியுள்ளார். அது தாமரையே என்பதில் ஐயமில்லை.

அவருக்குப் பின் வந்த தியோபிராஸ்டஸ் என்னும் கிரேக்க அறிஞர் அச்செடியை எகிப்திய அவரை என்னும் பெயரால் விரிவாக விளக்கினார். அதன் தண்டு நான்கு முழம் வரை நீளும் என்றும், விரல் பருமன் உடையது என்றும் அளந்து கூறினார். விதையைப் பதருடன் கலந்து சேற்றில் இட்டு, அது நீரில் அடித்துச் செல்லப்படாமல் அடியில் தங்குமாறு மக்கள் விதைத்தனர் என்னும் குறிப்பையும் அவர் விட்டுச் சென்றார். தாமரை பயிரிடும் முறை பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்று.

மக்கள் உண்டு மகிழ்ந்த அச்செடி இன்று நைல் நதியில் தானாக வளர்வதில்லை. விதைப்பாரும் காப்பாரும் இல்லாதொழிந்தால், ஒரு நாட்டின் நீர்நிலைகளை நிறைத்திருந்த செடியும் அந்நாட்டினின்று அகன்றுவிடும் என்பதற்கு எகிப்து ஒரு சான்றாகும்.

ஆயிரம் ஆண்டு உறங்கிய விதை

சீன நாட்டில் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிசியே என்பவர் இயற்றிய உழவு நூல் ஒன்று உண்டு. தாமரை விதையை முளைக்கச் செய்யும் முறையை அந்நூல் தெளிவாக எடுத்துரைக்கின்றது. கருமையாகவும் கடினமாகவும் முற்றிய விதையை ஓட்டின்மீது தேய்த்து, தோலை மெலிதாக்க வேண்டும். பிசைந்த களிமண்ணால் அதனை மூடி, ஒருமுனை பருத்தும், தேய்த்த முனை கூர்மையாகவும் இருக்குமாறு உருட்ட வேண்டும். காய்ந்த பின் குளத்தில் எறிந்தால், பருத்த முனை கீழாகவும் கூர்முனை மேலாகவும் நேராகச் சென்று படியும், விரைவில் முளைக்கும். தேய்க்காத விதையோ தோலின் கடினத்தால் எளிதில் முளைக்காது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இம்முறையே, சிறு மாறுதல்களுடன், இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது.

அக்கடினத் தோலின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் ஜப்பானிய அறிஞரான இச்சிரோ ஓகா ஆவார். சீனாவின் வடகிழக்கில், வறண்டுபோன பழைய ஏரி ஒன்றின் படிவுகளிலிருந்து கிடைத்த தாமரை விதைகளை 1920களில் அவர் முளைக்கச் செய்தார். அவ்வேரியில் கிடைத்த விதைகளுள் ஒன்று ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழமையுடையது என்பதும், அது முளைத்தது என்பதும் 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வினால் உறுதியாயின. 1951ஆம் ஆண்டில், ஜப்பானின் சிபா நகரில், நிலத்தடிப் படிவுகளிலிருந்து மூன்று விதைகளை ஓகா குழுவினர் தோண்டி எடுத்தனர். அவற்றுள் ஒன்று வளர்ந்து 1952ஆம் ஆண்டில் பூத்தது. அந்நிலப்பகுதியில் கிடைத்த மரப்படகின் காலத்தைக் கொண்டு, விதைகளின் அகவை சுமார் 2,000 ஆண்டுகள் என மதிப்பிடப்பட்டது. அச்செடியின் வழித்தோன்றல்கள் இன்று பல நாடுகளில் ஓகா தாமரை என்னும் பெயரால் வளர்கின்றன.

குளம் வற்றினும் விதை காத்திருக்கும். நீர் மீண்டால் மலர் மீளும். அவ்விதை கிடக்கும் சேற்றை நாம் அள்ளி எறியாதிருத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

அறிவியல் கண்ட தாமரை

மலையாளக் கரையில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர், உள்ளூர் மருத்துவர்களின் துணைகொண்டு அந்நிலத்துச் செடிகொடிகளைத் தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளியிட்டார். ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னும் அப்பெருநூலின் பதினோராம் தொகுதியில் தாமரை அதன் நாட்டுப் பெயராலேயே இடம்பெற்றது. தாமரையின் அறிவியற் பெயர் நெலும்போ நூசிஃபெரா என்பதாகும். இதிலுள்ள நெலும்போ என்னும் சொல் சிங்கள மொழியில் தாமரையைக் குறிக்கும் நெலும் என்பதிலிருந்து பிறந்தது.

முற்காலத்து அறிஞர் தாமரையை ஆம்பலின் குடும்பத்தில் சேர்த்தனர். 1990களில் மரபணு ஆய்வு வளர்ந்த பின்னர், இவ்விரண்டும் நெருங்கிய உறவினர் அல்ல என்பது தெளிவாயிற்று. இன்று தாமரைக்குத் தனிக்குடும்பம் வகுக்கப்பட்டுள்ளது. அக்குடும்பத்தில் உயிருடன் இருப்பவை இரண்டே இனங்கள். ஒன்று நம் தாமரை. மற்றொன்று வட அமெரிக்காவில் வளரும் மஞ்சள் தாமரை. தாமரையையும் ஆம்பலையும் வெவ்வேறு பெயரிட்டு வேறு பிரித்த நம் புலவர்தம் கண்கள் எத்துணைக் கூர்மையானவை என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

தாமரை இலைத் தண்ணீர்போல் ஒட்டாதிரு என்பது நம் சான்றோர் வாக்கு. இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய மேடுகளும், அவற்றின்மேல் மெழுகுப் பூச்சும் இருப்பதால், நீர்த்துளி உருண்டோடுகையில் அழுக்கையும் தன்னுடன் எடுத்துச் செல்கின்றது என்பதை ஜெர்மானிய அறிஞர்களான பார்த்லாட்டும் நைன்ஹுயிசும் 1997ஆம் ஆண்டில் விளக்கினர். பூவும் ஒரு விந்தையே. சுற்றுப்புறம் குளிர்ந்திருப்பினும், மலரும் காலத்தில் தாமரைப்பூ தன் உட்புற வெப்பத்தை 30 முதல் 35 பாகை செல்சியஸ் அளவில் வைத்துக்கொள்கின்றது என்பது 1996ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வின் முடிவு. மகரந்தம் சுமக்கும் வண்டுகளுக்கு அவ்வெப்பம் உதவுவதாகக் கருதப்படுகின்றது.

நம் நாட்டு நீர்நிலைகளில்

தாமரை தானாக வளரும் நிலப்பரப்பு மிக விரிந்தது. இந்தியா, சீனா, தென்கிழக்காசிய நாடுகள், வட ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் அதன் தாயகமாகும். மலாய் மொழியில் அதனைத் தெராத்தாய் என்றும் செரோஜா என்றும் அழைப்பர். செரோஜா என்பது பொய்கையில் பிறந்தது எனப் பொருள்படும் சரோஜ என்னும் வடசொல்லின் வடிவமே. தாமரையைக் குறிக்கும் பத்ம என்னும் வடசொல் மலாயில் பத்மா, பக்மா என வழங்கி, நம் காடுகளில் பூக்கும் பெரும்பூவான ரஃப்லேசியாவைக் குறிப்பதாயிற்று.

மலேசியாவில் தாமரை என்றவுடன் நினைவுக்கு வருவது பகாங் மாநிலத்தின் சீனி ஏரியாகும். தீபகற்ப மலேசியாவின் இயற்கை நன்னீர் ஏரிகளுள் பேரா ஏரிக்கு அடுத்த பெருமை இதற்கு உண்டு. ஒன்றோடொன்று இணைந்த பன்னிரண்டு நீர்ப்பரப்புகளாய் அமைந்த இவ்வேரி, சீனி ஆற்றின் வழியே பகாங் ஆற்றுடன் கலக்கின்றது. ஜாக்குன் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இதன் கரையில் வாழ்ந்து வருகின்றனர். ஸ்ரீ குமும் என்னும் நாகம் இந்நீரில் உறைவதாக வழங்கும் கதையும் புகழ்பெற்றது. பரந்த நீர்ப்பரப்பில் செந்நிறப் போர்வை விரித்தாற்போல் தாமரை பூத்து நின்ற காட்சிக்காகவே தொலைவிலிருந்து மக்கள் இங்கு வந்தனர்.

முன்னர் அந்த ஏரியின் நீர்மட்டம் பருவத்திற்கேற்ப ஏறியும் இறங்கியும் வந்தது. படகுப் போக்குவரத்திற்கு நீர் குறையாதிருக்க வேண்டுமென 1995ஆம் ஆண்டு வாக்கில் சீனி ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டப்பட்டது. நீர் இறங்கும் பருவம் இல்லாது போகவே, கரையோர மரங்கள் நீரில் நின்று பட்டுப்போயின. சுற்றுப்புறத்தில் காடு வெட்டுதல், சுரங்கத் தொழில், தோட்டப் பயிர் ஆகியவை பெருகவே நீரின் தூய்மை கெட்டது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா என்னும் நீர்க்களை உட்புகுந்து பரவியது. தாமரைக் கூட்டங்கள் பெரிதும் குன்றின. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சீனி ஏரியை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது; நம் நாட்டில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இடம் அதுவே. பேரா ஏரியோ 1994ஆம் ஆண்டிலேயே ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பட்டங்கள் கிடைத்தன, ஆனால் இழந்த தாமரைக் காடுகளை மீட்பது பட்டத்தால் மட்டும் நிகழ்வதன்று.

நீர் மிகுந்தால் நீர்ப்பூவுக்கு நன்மைதானே என்று வினவலாம். தாமரையின் கிழங்கு சேற்றில் புதைந்திருப்பது. சேற்றில் காற்று இல்லை. நீருக்கு மேல் நிற்கும் இலைகளே காற்றை உள்வாங்கி, காம்பிலுள்ள துளைகளின் வழியாகக் கிழங்கிற்கு அனுப்புகின்றன. நீர் மெல்ல உயர்ந்தால் காம்பும் உடன் நீளும். திடீரென உயர்ந்து இலைகளை மூழ்கடித்தால், அல்லது இறங்காமல் ஆழமாகவே நின்றுவிட்டால், கிழங்கு மூச்சடைத்து அழுகிவிடும். வள்ளுவர் கண்ட நீரளவின் எல்லையை மீறியதன் விளைவு அதுவே.

தாமரை வளர்க்கும் முறை

நீரளவை அறிந்து ஒழுகினால் தாமரை வளர்ப்பு கடினமான செயலன்று. குளிர்காலம் இல்லாத நம் நாட்டில் ஆண்டு முழுவதும் அது வளரக்கூடியது. வெயில் மிகுந்த இடமும், அகன்ற தொட்டியும், களிமண்ணும் இருந்தால் போதும்.

முதலாவது, இடம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்திற்குக் குறையாத நேரடி வெயில் வேண்டும். நிழலில் வைத்த தாமரை இலைவிடும், பூக்காது.

இரண்டாவது, தொட்டி. அடியில் துளையில்லாத, வட்டமான, இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள தொட்டி ஏற்றது. மூலைகள் உள்ள தொட்டியில் கிழங்கின் நுனி மூலையில் முட்டி மடங்கும். மழைநீர் வழிந்தோட மேல்விளிம்பை ஒட்டி ஒரு சிறு துளை இருத்தல் நலம். இல்லையெனில் ஓரிரவில் கொட்டும் மழையால் இளஞ்செடி மூழ்கிவிடும்.

மூன்றாவது, மண். வயல்மண்ணோ குளத்து மண்ணோ, பிசைந்தால் ஒட்டும் களிமண்ணாக அரையடி உயரத்திற்கு நிரப்ப வேண்டும். பூந்தொட்டிகளுக்கென விற்கப்படும் இலேசான மண்கலவை ஆகாது. அது மிதக்கும், நீரைக் கெடுக்கும்.

நான்காவது, விதை. தோல் நீக்கி உலர்த்தப்பட்ட வெண்மையான தாமரை விதை சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும்; அது உண்பதற்குரியது, முளைக்காது. கருந்தோல் கெடாத விதையே வேண்டும். அதன் ஒரு முனையை உப்புத்தாளிலோ கரடுமுரடான கல்லிலோ தேய்த்து, உள்ளிருக்கும் வெளிறிய நிறம் சிறிது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி விதையை இட்டு, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். நல்ல விதை நீரை உறிஞ்சிப் பருத்து, ஒரு வாரத்திற்குள் பச்சை முளையை வெளிக்காட்டும். நாள் பல கடந்தும் மிதந்துகொண்டே இருப்பதை நீக்கிவிடலாம். சில இலைகளும் வேரும் தோன்றிய பின்னர், களிமண்ணில் மெல்லப் பதிக்க வேண்டும்.

ஐந்தாவது, கிழங்கு. விரைவில் பூக்காண விரும்புவோர் கிழங்கை நடலாம். கிழங்கின் கூரிய நுனியே அதன் உயிர். அது முறிந்தால் பயனில்லை. படுக்கை வாட்டில் வைத்து, நுனி சற்றே மேல்நோக்கி இருக்குமாறு மண்ணில் அழுத்தி, மிதக்காதிருக்க ஒரு கல்லை மேலே வைக்கலாம். சந்தையில் சூப்புக்கென விற்கப்படும் பருத்த கிழங்குகள் உணவுக்காகத் தேர்ந்த வகையைச் சேர்ந்தவை; அவற்றில் பூ அரிது. நம் வெப்ப நாட்டிற்குரிய பூவகையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் நிறத்தையே கொண்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கிழங்கிலிருந்து வருவது தாயையே ஒத்திருக்கும்.

ஆறாவது, நீர். தொடக்கத்தில் மண்ணுக்கு மேல் இரண்டு அங்குல நீர் போதும். இலை நீள நீள நீரையும் சிறிது சிறிதாக உயர்த்தி, தொட்டியில் அரையடி முதல் ஓரடி வரை நிறுத்தலாம். முதலில் காசுபோன்ற சிறிய இலைகள் மிதக்கும். அடுத்து எழுந்து நிற்கும் இலைகள் தோன்றும். நிற்கும் இலை தோன்றிய பின்னரே மொட்டு வரும். ஆதலின், முதல் சில வாரங்களில் மொட்டில்லையே என்று மனந்தளர வேண்டுவதில்லை. கிழங்கிலிருந்து வந்த செடி சில மாதங்களில் பூக்கும். விதையிலிருந்து வந்தது ஓராண்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளலாம்.

ஏழாவது, உரம். நிற்கும் இலைகள் சில தோன்றும்வரை எவ்வுரமும் இடலாகாது. பின்னர் மாதம் ஒருமுறை சிறிதளவு உரத்தை மண்ணுக்குள் புதைத்து வைக்கலாம். மிகுந்தால் இலை கருகும். அசுவினிப் பூச்சி கண்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவுதலே முதல் மருந்து. பழுத்த இலையை நீருக்கு மேலேயே வெட்ட வேண்டும். நீருக்கடியில் வெட்டினால் துளைவழியே நீர் புகுந்து கிழங்கு அழுகும். தொட்டி நிறைந்ததும் கிழங்கைப் பிரித்து வேறு தொட்டிகளில் நடலாம்.

பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் குவியும். மூன்று நான்கு நாள்களில் இதழ்கள் உதிரும். பூசைக்கு வேண்டியதை முதல்நாள் விடியற்காலையில் கொய்தல் நலம். ஒன்றிரண்டு பூக்களையேனும் செடியிலேயே விட்டு வைத்தால், பொகுட்டு முற்றி அடுத்த தலைமுறைக்கு விதை கிடைக்கும்.

ஆலயத்தில் ஒரு தாமரைத் தொட்டி

ஆலய வளாகத்தில் நீர்த்தொட்டி என்றவுடன் நிருவாகத்தினர் அஞ்சுவது கொசுவுக்கே. அவ்வச்சம் நியாயமானது. தேங்கிய தெளிந்த நீரில் ஏடிஸ் கொசு பெருகி, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும். கொசு உற்பத்திக்கு இடமளிப்போரைத் தண்டிக்க நம் நாட்டில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் உள்ளது. ஆனால் தாமரைத் தொட்டியில் கப்பி போன்ற சிறு மீன்களை விட்டால் அவை கொசுப்புழுக்களை உண்டுவிடும். மீன் உயிருடன் இருக்கின்றதா என்பதை வாரந்தோறும் பார்க்க வேண்டும். தொட்டியில் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. தெளித்தால் மீன் மடியும், கொசு பெருகும். மிகுந்த கிழங்கையோ மீனையோ ஆற்றிலும் கால்வாயிலும் எறிதல் கூடாது. வேற்றுநாட்டுக் களை ஒன்று சீனி ஏரிக்கு விளைத்த கேட்டை நாம் மறத்தலாகாது.

இப்பணியைச் சமய வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் இரட்டைப் பயன் விளையும். விதையைத் தேய்ப்பது ஒருவர், நீரளவைக் குறிப்பது ஒருவர், மீனைக் கவனிப்பது ஒருவர் என முறை வகுக்கலாம். தாமரை இலையில் நீர் ஒட்டாமையைப் பாடத்தில் படிக்கும் பிள்ளை, அதனைத் தன் விரலால் தொட்டு உணரும். பங்கயம் என்னும் சொல்லின் பொருளைச் சேறு படிந்த கையோடு அறியும் பிள்ளை அதனை வாழ்நாளெல்லாம் மறவாது.

முடிவுரை

நைல் நதியில் தாமரை மறைந்தது. சீனி ஏரியில் அது குன்றியது. சீனத்து வறண்ட ஏரியிலோ ஆயிரம் ஆண்டு கடந்த விதையும் முளைத்தது. இம்மூன்று செய்திகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. தாமரை எளிதில் சாவதன்று. அதன் நீரை நாம் கெடுக்கும்போதே அது நம்மை விட்டு நீங்குகின்றது.

ஆண்டவன் திருமுன் ஒரு தாமரையை வைத்து வணங்குகின்றோம். அதைப் பெற்றுத் தந்த சேற்றுக்கும் நீருக்கும் நாம் பட்ட கடனை அடைப்பது எவ்வாறு? ஆலயந்தோறும் ஒரு தொட்டித் தாமரையேனும் வளர்ப்போம். நம் ஊர்க் குளங்களையும் ஏரிகளையும் தூர்ப்பதற்கும் மாசுபடுத்துவதற்கும் உடன்படாதிருப்போம். கோயிலுக்கு ஈடாகக் குளத்தையும் ஓடையையும் அளந்து வைத்த முன்னோரின் வழித்தோன்றல்கள் நாம் என்பதற்கு அதுவே தக்க சான்றாகும். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நம் நாட்டு நீர்நிலைகளில் தாமரை மீண்டும் நிறைந்து பூப்பதாக!